குப்பை வண்டியின் பின்னால்

ஹப்சிகுடா

ஹைதராபாத் என்றதும் பிறருக்குச் சார்மினாரும் பிரியாணியும் நினைவுக்கு வரும். கொடுங்கையூர்ப் பக்கத்துக்காரர்களான எங்களுக்கு, கொஞ்ச காலமாக அந்த ஊர் என்றால் குப்பை எரிக்கும் ஆலைதான். வடசென்னையில் எங்கள் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் அந்த ஊரைத்தான் சாட்சிக்கு இழுத்தார்கள். "ஹைதராபாத்தில் நடக்கவில்லையா?" என்று ஒருவர் கேட்பார். "அங்கே போய் ஒரு ராத்திரி படுத்துப் பார், தெரியும்" என்பார் இன்னொருவர். 2025 மே மாதம் ஆலையை எதிர்த்து வடசென்னையில் மனிதச் சங்கிலி நடந்தபோது என் இரண்டு பக்கமும் நின்றவர்கள் ஹைதராபாத்தைப் பார்த்ததில்லை. நானும்தான்.

சித்தப்பா நாச்சாரத்தில் இருக்கிறார். லாலாகுடா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செகந்திராபாத்தின் பழைய தமிழ்க் குடும்பங்களில் பாதி ரயில்வேயில் ஒட்டிக்கொண்டவை. எங்கள் கிளையும் அப்படித்தான் அங்கே போய் விழுந்தது. "குப்பை பாக்கவாடா இவ்ளோ தூரம் வர்றே?" என்று போனில் சிரித்தார். "வா, எங்க வீட்டுக் குப்பையிலிருந்தே ஆரம்பிக்கலாம்."

மெட்ரோவின் நீலத் தடத்தில் ஹப்சிகுடாவில் இறங்கினால் நாச்சாரத்துக்கு ஷேர் ஆட்டோ. அந்தச் சாலையில் அறிவியல் ஆய்வு நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன. புவி இயற்பியலுக்கு ஒன்று, செல் உயிரியலுக்கு ஒன்று, ரசாயனத்துக்கு ஒன்று. வேப்பமரமும் மதில்சுவருமாக அமைதியான சாலை. என் கண் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் தெருமுனைக்கு அடையாளமே வாய் பிளந்து நிற்கும் குப்பைத்தொட்டிதான். அதைச் சுற்றி நாலு நாய், ஒரு மாடு. இங்கே முனைக்கு முனை பார்த்துக்கொண்டே வந்தேன், தொட்டியைக் காணவில்லை. 2021 வாக்கில் தெருத்தொட்டிகளை மாநகராட்சி அகற்றத் தொடங்கியது என்று ஊரிலேயே படித்திருந்தேன். தொட்டி இருந்த இடத்தில் சில முனைகளில் சுண்ணாம்புக் கோலம் போட்டு வைத்திருக்கிறார்கள், கோலத்தின் மேல் யாரும் குப்பை போட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில். ஒரு கோலம் சுத்தமாக இருந்தது. அடுத்த கோலத்தின் நடுவில் கட்டிய கேரிபேக் ஒன்று உட்கார்ந்திருந்தது.

நாச்சாரம்

காலையில் ஒலிபெருக்கிப் பாட்டுச் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். "செத்த பண்டி வச்சிந்தி!" (குப்பை வண்டி வந்தாச்சு) என்று எதிர்வீட்டு அம்மாள் மாடியிலிருந்து குரல் கொடுக்க, தெருவே வாளியும் கையுமாக வாசலுக்கு வந்தது. வந்தது ஒரு மூன்று சக்கர டிப்பர் ஆட்டோ. இருபுறமும் சாக்குகள் தொங்கின. கணவன் ஓட்ட, மனைவி பின்னால் குப்பைக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

இந்த ஆட்டோக்கள் 2015ல் வந்தவை. அப்போது வீட்டுக்கு இரண்டு தொட்டி வீதம், ஈரக் குப்பைக்குப் பச்சை, காய்ந்த குப்பைக்கு நீலம் என்று நகரம் முழுக்க 44 லட்சம் தொட்டிகள் கொடுத்தார்கள். சித்தி வீட்டு நீலத்தொட்டி மொட்டை மாடியில் இருக்கிறது. அதில் கறிவேப்பிலைச் செடி தளதளவென்று வளர்ந்திருக்கிறது. பச்சைத்தொட்டியில் எல்லாக் குப்பையும் ஒன்றாகப் போகிறது. "அவங்கதான் பிரிச்சுக்கறாங்களே, நாம எதுக்குப் பிரிக்கணும்?" என்றார் சித்தி. எங்கள் வீட்டிலும் இதே பதில்தான், மொழியும் இதேதான்.

ஆட்டோக்காரர் மகபூப்நகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அந்த மாவட்டத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலைக்குப் புறப்பட்டுப் போனவர்கள் ஏராளம். இவர் கட்டட வேலைக்கு வந்து, பிறகு வண்டிக்கு மாறியிருக்கிறார். சித்தப்பா நடுவில் நின்று மொழிபெயர்க்க, நான் என் கேள்விகளைக் கொட்டினேன்.

"அன்னா, உங்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?"

அவர் கையால் தெருவைக் காட்டினார். "வீடுங்கதான். ஐந்நூறு, அறுநூறு வீடு என் கணக்கு. மாநகராட்சி சொன்னது மாசம் 50 ரூபாய். சில பேர் நூறு தர்றாங்க. சில பேர் அடுத்த மாசம்பாங்க."

"வண்டி?"

"கடன்ல எடுத்தது. தவணை கட்டணும், டீசல் போடணும், ரிப்பேர் என் கைக்காசு." பிறகு சாக்கைத் தட்டிக் காட்டி, "இதுலதான் கொஞ்சம் மிஞ்சும்" என்றார்.

சாக்குகளில் ஒன்று அட்டைக்கு, ஒன்று தண்ணீர்ப் பாட்டிலுக்கு, ஒன்று பால் கவருக்கு. அந்த அக்கா வாளியை வாங்கிக் கவிழ்த்த கணத்திலேயே கைகள் பிரித்து வீசிக்கொண்டிருந்தன. மாட்டியிருக்க வேண்டிய கையுறை வண்டிக் கம்பியில் தொங்கியது. மாட்டினால் பால் கவர் பிடிபடாது என்றார். தெரு முடிவதற்குள் மூன்று சாக்கும் பாதி நிறைந்துவிட்டன. பேச்சுக்குக்கூட யாரும் அவரிடம் 'மக்கும் குப்பை, மக்காத குப்பை' என்று பாடம் நடத்தத் தேவையில்லை. பிரித்தால் காசு, பிரிக்காவிட்டால் இல்லை.

இங்கேதான் சென்னையை நினைத்துக்கொண்டேன். எங்கள் தெருவுக்கு வருபவர் வண்டிக்குச் சொந்தக்காரர் இல்லை; கூலிக்காரர். வீட்டுக்கு வீடு கட்டணம் வசூலிக்கிறோம் என்று 2020 கடைசியில் மாநகராட்சி அறிவித்தது. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, அறிவிப்பு வந்த வேகத்தில் காணாமல் போனது. சென்னை தேர்ந்தெடுத்த வழி ஒப்பந்தம். 2000ல் ஒனிக்ஸ் வந்தது, 2007ல் நீல் மெட்டல் ஃபனால்கா, பிறகு ராம்கி, 2020ல் உர்பேசர் சுமீத். மந்தைவெளியில் பிறந்த என் மனைவிக்கு இன்றும் எல்லாக் குப்பை லாரியும் ஒனிக்ஸ்தான். வடசென்னைக்கு ஒனிக்ஸ் வரவில்லை, குப்பைதான் வந்தது.

அந்த முதல் ஒப்பந்தங்களில் டன்னுக்கு இவ்வளவு என்று பணம். எடைக்குக் காசென்றால் மண்ணும் இடிபாடும்கூடக் குப்பையோடு சேர்ந்து எடைபோடப்படும் என்ற புகார் அந்தக் காலத்தில் ஓயவே இல்லை. அதனால்தான் 2020 ஒப்பந்தத்தில் எடையை விட்டுவிட்டு, வேலையின் தரத்துக்கு மதிப்பெண் போட்டுப் பணம் தரும் முறைக்கு மாறினார்கள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களும் தனியாருக்குப் போனபோது, தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். அவர்கள் கேட்டது பணி நிரந்தரமும், வாங்கிக்கொண்டிருந்த சம்பளம் குறையாமல் இருப்பதும். நாச்சாரத்து ஆட்டோக்காரரிடம் இதைச் சொன்னபோது, "சம்பளமா? மாசா மாசமா?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். பொறாமையா கேலியா என்று சித்தப்பாவாலும் மொழிபெயர்க்க முடியவில்லை.

பெத்த செருவு

டிபன் சென்டரில் நின்றபடி இட்லி. தேங்காய்ச் சட்னிக்குப் பதில் பல்லிச் சட்னி, அதாவது வேர்க்கடலை. மேலே காரப்பொடி, அதன் மேல் நெய். சாம்பார் கொஞ்சம் இனிக்கிறது, அதை மன்னித்துவிட்டால் சாப்பாடு அருமை. தட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்து, அதில் கொதிக்கக் கொதிக்க இட்லியை வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதி இந்தத் தாளுக்குத் தடை வந்தது. கொஞ்ச நாள் வாழையிலைத் துண்டு திரும்பி வந்தது, பிறகு தாளும் திரும்பிவிட்டது. இந்தத் தாளை எந்த ஆட்டோ அக்காவும் சாக்கில் போட மாட்டார். சட்னி ஒட்டியது, எடையும் இல்லாதது. காயலான் கடைக்கு ஆகாது, உரத்துக்கும் ஆகாது. எரிஉலைக்காரர்கள் தங்கள் பங்கு என்று சொல்வது இதைத்தான்.

சித்தப்பா தொழிற்பேட்டை வழியாகக் கூட்டிப்போனார். நாச்சாரம் முதலில் ஊரின் விளிம்பு. விளிம்பாக இருந்ததால்தான் இங்கே ஆலைகளை வைத்தார்கள். என்.டி.ராமராவ் ராமகிருஷ்ணா ஸ்டுடியோவைக் கட்டியதும் இங்கேதான், நிலம் கிடைத்தது. பிறகு ஆலைகளைத் தேடித் தொழிலாளர்கள் வந்தார்கள், அவர்களுக்கு எச்.எம்.டி. நகர் போன்ற குடியிருப்புகள் எழுந்தன. 2007 ஏப்ரலில் பழைய ஹைதராபாத் மாநகராட்சியோடு 12 நகராட்சிகளும் 8 ஊராட்சிகளும் சேர்ந்து பெருநகர மாநகராட்சி ஆனபோது, நாச்சாரத்தை உள்ளடக்கிய காப்ரா நகராட்சியும் உள்ளே வந்தது. இன்று நாச்சாரத்தில் நின்றால் நான்கு திசையிலும் ஊர்தான். ரசாயன வாடை வரும் மதில் ஒருபுறம், பத்து மாடிக் குடியிருப்பு மறுபுறம்.

எச்.எம்.டி. நகரை ஒட்டி நாச்சாரம் பெத்த செருவு. பெரிய ஏரி என்று பெயர்; ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. கரையில் தகரக் கூரை வீடுகள் கொஞ்சம். அந்தச் சந்துக்குள் ஆட்டோ வருமா என்று ஒரு பெரியம்மாவிடம் கேட்டோம். "ஆளுக்கு நூறு கேட்டா நாங்க எங்க போறது பாபு? குடுத்தா வரும், குடுக்கலைன்னா வராது." கொடுக்காத வீட்டுக் குப்பை எங்கே போகிறது என்று கேட்கத் தேவையில்லாமல், ஏரிக்குள் இறங்கும் ஓடையின் வாயிலேயே அது கிடந்தது.

ஹைதராபாத் முறையின் ஓட்டை இங்கேதான் எனக்குத் தெரிந்தது. காசு கொடுக்கும் தெருவில் அது சென்னையைவிட நன்றாக ஓடுகிறது. காசு கொடுக்க முடியாத சந்தில் ஓடுவதே இல்லை. ஆட்டோக்காரர் மேல் கோபப்படவும் முடியாது. தவணை கட்ட வேண்டியவர் அவர். புனேயிலும் வீட்டுக்காரர்களிடமிருந்துதான் கட்டணம். ஆனால் அங்கே குப்பை பொறுக்கியவர்களே சேர்ந்து ஸ்வச் என்ற கூட்டுறவை நடத்துகிறார்கள். 1993ல் சங்கமாகத் திரண்டவர்கள், பதினைந்து ஆண்டுகளில் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போடும் அளவுக்கு வந்தார்கள். தனி ஆளுக்குத் தாங்காத சந்தைக் கூட்டுறவு தாங்கும். நாச்சாரத்தின் அன்னாவுக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. அவருக்கு இருப்பது வங்கிக் கடன் மட்டும்.

மல்லாபூர், மௌலாலி

தெருக்களை முடித்த ஆட்டோக்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ள மாற்று நிலையத்துக்கு வருகின்றன. சாய்தளத்தில் ஏறி, குப்பையைக் கவிழ்த்துவிட்டு இறங்குகின்றன. கீழே பெரிய இரும்புக் கூண்டு அதை நசுக்கி அடைத்துக்கொள்கிறது. நிறைந்ததும் கொக்கி லாரி வந்து கூண்டோடு தூக்கிப் போகிறது. வாய் மூடியே இருப்பதால் சாலையில் சொட்டுவதில்லை. உண்மையாகவே நல்ல ஏற்பாடு. வியாசர்பாடிப் பாலத்தில் குப்பை லாரிக்குப் பின்னால் இருசக்கர வாகனத்தில் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். சாய்தளம் வரை சாக்கில் பிரிந்து வந்தவை காயலான் கடைக்குப் போய்விட்டன. மிச்சம் எல்லாம், ஈரமும் காய்ந்ததும், ஒரே கூண்டுக்குள் ஒன்றாகத்தான் விழுகின்றன. தெருவில் அந்த அக்கா செய்த வேலைக்கு அடுத்த படி இங்கே இல்லை. இந்தூரில் வண்டிக்குள்ளேயே தனித்தனி அறைகள். பிரிக்காத வீட்டில் குப்பை எடுக்காமல் திரும்பிவிடுவார்கள். அப்படிப் பிரிந்து வரும் ஈரக்குப்பையை நம்பித்தான் 2022ல் நாளொன்றுக்கு 550 டன் கொள்ளும் எரிவாயு ஆலையை அங்கே திறக்க முடிந்தது. கலந்த குப்பையைப் போட்டால் அந்த ஆலை ஒரு வாரத்தில் அடைத்துக்கொள்ளும்.

மௌலாலிக் குன்றை மதிய வெயிலில் பார்த்தோம். ஒற்றைப் பாறை எழுந்து நிற்கிறது, உச்சியில் தர்கா. தக்காணத்தில் பாறைக்குப் பஞ்சமில்லை. ஊர் பரவப் பரவப் பாறையை உடைத்துக்கொண்டே போகிறார்கள். கடலோரச் சமவெளியில் வளர்ந்த எனக்குக் குன்று என்றால் பல்லாவரம், அதை விட்டால் கொடுங்கையூர்க் குப்பைமேடு. அதைச் சொன்னதும் சித்தப்பா, "வா, எங்க குன்றையும் காட்டறேன்" என்றார்.

வழியில் ஈ.சி.ஐ.எல். முனை. ஈரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும். டீயைப் பற்றி ஒரு வரி சொல்லித்தான் ஆகவேண்டும்: எங்கள் ஊர் டீக்கடையில் ஆற்றும் ஓசை பாதி ருசி, இங்கே பாலும் டிக்காஷனும் தனித்தனியாகக் காய்ந்து, கோப்பையில்தான் சந்திக்கின்றன. பீங்கான் கோப்பை. கழுவி மறுபடி வைக்கிறார்கள், ஒரு குப்பையும் இல்லை. பக்கத்துக் கடையில் அதே டீ காகிதக் கோப்பையில், ஐந்து நிமிடத்தில் கூடை நிறைந்தது.

ஜவஹர்நகர்

காப்ராவைத் தாண்டியதும் சாலையில் கொக்கி லாரிகள் கூடின. நகரம் முழுக்க இருந்து நாளொன்றுக்கு 6,000 டன்னுக்கும் மேல் குப்பை வந்து சேரும் இடம் இது. பெரும்பகுதி இங்கேதான் வருகிறது. இதற்கு முன் எல்.பி.நகர் அருகே ஆட்டோநகருக்குப் போனது. ஊர் வளர்ந்து ஆட்டோநகரை எட்டியதும் அதை மூடிவிட்டு, 2000களின் தொடக்கத்தில் இங்கே கொட்டத் தொடங்கினார்கள். அப்போது இது கிராம ஊராட்சி. நிலம் மலிவு, எதிர்த்துக் கேட்பவர்களும் குறைவு.

கேட்டுக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். புல் முளைத்த பசுமையான மலை. தெரியாதவர்கள் பூங்கா என்று நினைப்பார்கள். ஆங்காங்கே மண்ணிலிருந்து குழாய்கள் நிமிர்ந்து நிற்கின்றன. உள்ளே அழுகுவதால் உண்டாகும் வாயு வெளியேற வழி. ஏறத்தாழ 1.2 கோடி டன் பழைய குப்பையின் மேல் நீர் புகாத விரிப்பும் மண்ணும் போட்டு மூடியிருக்கிறார்கள். 2009ல் ராம்கியோடு ஒப்பந்தம் ஆகி, சில ஆண்டுகளில் கிடங்கு அவர்கள் கைக்கு வந்தது. அந்த நிறுவனத்தின் இன்றைய பெயர் ரீ சஸ்டெயினபிலிட்டி. வடசென்னையின் சில மண்டலங்களில் குப்பை எடுப்பதும் இதே குழுமம்தான். அந்த வகையில் நான் பார்க்க வந்தது பக்கத்து வீட்டைத்தான்.

சென்னை வேறு வழியில் போகிறது. கொடுங்கையூரின் 252 ஏக்கரில் கிடக்கும் 66.52 லட்சம் டன்னை வெட்டியெடுத்து, சலித்து, எரியக்கூடியதைச் சிமெண்ட் ஆலைக்கும் மண்ணைப் பள்ளம் நிரப்பவும் அனுப்பும் பயோமைனிங் வேலை, 640 கோடி ரூபாய்த் திட்டம். பெருங்குடியிலும் அப்படியே, அதை ஒட்டிய பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிறகு அவசரமும் கூடியது. மூடுவதில் வேகம் உண்டு, செலவும் குறைவு; நிலம் மட்டும் திரும்பி வராது, அடியில் ஊறும் நீரும் நிற்காது. சலிப்பதில் நிலம் திரும்பும், ஆனால் சலித்த மண் எங்கே போகிறது என்று ஒவ்வொரு லாரியையும் பின்தொடர ஆள் வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. மூடிய மலையும் மலைதான். 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்பு மீத்தொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனதை வடசென்னைக்காரர்கள் மறப்பதற்கில்லை. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் பற்றியெரிந்து ஊரே நாள்கணக்கில் புகையில் மூச்சுத் திணறியதையும்தான்.

மலைக்கு அந்தப்பக்கம் புகைபோக்கி. நான் பார்க்க வந்த ஆலை. 2020ல் 19.8 மெகாவாட்டுக்குத் தொடங்கி, பின்னர் 24 ஆனது. துண்டிகல்லில் இன்னொன்றும் உண்டு. புகைபோக்கியிலிருந்து கரும்புகை எதுவும் வரவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாதவற்றைக் கண்ணால் பார்த்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்குக் கருவியும், அந்தக் கருவியின் அளவுகள் ஊரார் பார்க்கும்படி தினமும் வெளியாவதும் வேண்டும்.

ஆனால் கணக்கு போடக் கருவி வேண்டாம். ஆலை நாளொன்றுக்குத் தின்பது ஆயிரத்துச் சொச்சம் டன். வருவது ஆறாயிரத்துக்கு மேல். எரித்த பிறகு சாம்பல் மிஞ்சுகிறது, அதற்கும் புதைக்க இடம் வேண்டும். நம் ஊர்க் குப்பையில் பாதி சோறும் காய்கறித் தோலும் வாழை மட்டையும். ஈரத்தை எரிக்க முடியாது, முதலில் காய வைக்க வேண்டும். நன்றாக எரிபவை பிளாஸ்டிக்கும் அட்டையும். அவற்றைத்தான் நாச்சாரத்தில் அந்த அக்கா சாக்கில் போட்டுக்கொண்டார். 2016 திடக்கழிவு விதிகள், மறுசுழற்சிக்கு ஆகாத, கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தருகிறவற்றைத்தான் எரிக்கச் சொல்லியிருந்தன. விதிப்படி நடந்தால் உலைக்குத் தீனி குறைவு. உலைக்குத் தீனி குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் சாக்கில் கைவைக்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் நடக்கும். இங்கே நிறுவனத்துக்குக் கட்டணமும் டன் கணக்கில்தான். சென்னை இருபது வருடம் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது.

தம்மாய்குடா

கிடங்கைச் சுற்றிக்கொண்டு தம்மாய்குடாவுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சாலையோரம் பெண்கள் வரிசையாக அடுப்பு வைத்து ஜொன்ன ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள், சோள மாவு உள்ளங்கையிலேயே வட்டமாக விரிந்தது. தொட்டுக்கொள்ளப் பச்சி புளுசு: அடுப்பில் ஏற்றாத புளிக்கரைசலில் வெங்காயமும் பச்சை மிளகாயும். எங்கள் ரசத்தின் சோம்பேறித் தம்பி என்று சொல்லலாம், ருசியில் அண்ணன்.

இரண்டாவது ரொட்டியைக் கிழித்தபோது காற்று திரும்பியது. அந்த வாடையை எனக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முகம் சுளிக்காமல் சாப்பிட்டதைப் பார்த்துக் கடைக்காரம்மா ஆச்சரியப்பட்டார். "சென்னையில் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார்" என்று சித்தப்பா சொன்னதும், இன்னொரு கரண்டி புளுசு ஊற்றினார்.

"மலையைத்தான் மூடிவிட்டார்களே அம்மா, இப்போது பரவாயில்லையா?"

"முன்னாடிக்கு இப்ப மேல்தான். வெயில் காலத்துல தெரியாது. மழை வந்தா, அப்பா! ஜன்னலைத் திறக்க முடியாது. போர்த் தண்ணியை வாயில வைக்க முடியாது." அவர் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குளிக்கத்தான் ஆகிறதாம், குடிக்கக் கேன் தண்ணீர். கிடங்கிலிருந்து கசியும் கறுப்பு நீர் மல்காரம் செருவைக் கெடுத்தது இந்த வட்டாரத்தில் ஊரறிந்த விஷயம். அதைச் சுத்திகரிக்கவே அரசு இருநூறு கோடிக்கு மேல் ஒதுக்க வேண்டிவந்தது. குப்பையைக் கொண்டுவந்து கொட்டுவதற்கான செலவுக் கணக்கில் இந்தத் தொகையை யாரும் சேர்ப்பதில்லை. அந்தம்மாவின் கேன் தண்ணீர்ச் செலவையும் சேர்ப்பதில்லை.

2025 கடைசியில் வெளிவட்டச் சாலை வரையுள்ள 27 நகராட்சிகளையும் மாநகராட்சிகளையும் ஹைதராபாத்தோடு இணைக்க முடிவெடுத்தார்கள். பட்டியலில் தம்மாய்குடா உண்டு, ஜவஹர்நகர் உண்டு, இரண்டாவது ஆலை நிற்கும் துண்டிகல்லும் உண்டு. ஊருக்கு வெளியே என்று கொட்டிய இடம் ஊருக்குள் வந்துவிட்டது. 2011ல் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426க்கு விரிந்தபோது பெருங்குடிக்கு நேர்ந்ததும் இதுதான். வளரும் நகரங்கள் குப்பையைச் சமாளித்ததாகச் சொல்லிக்கொள்வதெல்லாம், பெரும்பாலும் தூரத்தைச் சமாளித்ததுதான். ஆட்டோநகர், ஜவஹர்நகர் என்று ஹைதராபாத்துக்கு இன்னும் தள்ளிப்போக இடம் இருக்கலாம். கிழக்கே கடலும் மற்ற பக்கம் ஊருமாக நிற்கும் சென்னைக்கு இல்லை.

ஆலப்புழைக்கும் ஒரு நாள் தள்ளிப்போக இடமில்லாமல் போனது. 2012ல் சர்வோதயபுரத்து மக்கள் குப்பை லாரியை மறித்தபோது, அந்தச் சின்ன ஊர் வீட்டுக்கு வீடு உரத்தொட்டியும் வாயுக்கலனும் வைத்து, குப்பையை ஊருக்குள்ளேயே முடித்துக்கொள்ளத் தொடங்கியது. பெருநகரத்துக்கு அது அப்படியே பொருந்தாது என்பார்கள், சரி. ஆனால் சோறும் காய்கறித் தோலும் வார்டைத் தாண்டாமல் நின்றுவிட்டால், லாரி ஏறுவது பாதியாகிவிடும். மீதிப் பாதியில் சாக்குக்குப் போனது போக, சட்னி ஒட்டிய தாள் மிஞ்சும். அதற்கு எவ்வளவு பெரிய உலை வேண்டும் என்று அப்புறம் பேசலாம். 2,100 டன் உலை வேண்டியிருக்காது.

நாச்சாரத்து ஆட்டோவைச் சென்னைக்குக் கொண்டுவரலாம் என்பது என் எண்ணம், ஒரு திருத்தத்தோடு: வண்டி அவர்களுடையதாக இருக்கட்டும், சாக்கில் சேர்வதும் அவர்களுக்கே போகட்டும், ஆனால் மாதச் சம்பளத்தை மாநகராட்சி கொடுக்கட்டும். அப்போது ஏரிக்கரைச் சந்துக்கும் வண்டி போகும். ஜவஹர்நகரின் புகைபோக்கியைக் கொண்டுவர வேண்டாம்.

கொடுங்கையூர், எருக்கஞ்சேரி, வியாசர்பாடி மக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களை யாராவது ஹைதராபாத் ஆலையைக் காட்டக் கூட்டிப்போனால் மறுக்காமல் போங்கள். உள்ளே நன்றாகத்தான் இருக்கும், டீயும் கொடுப்பார்கள். காட்டி முடித்ததும் பேருந்தில் ஏறிவிடாதீர்கள். கிடங்கைச் சுற்றித் தம்மாய்குடா வரை நடந்து, சாலையோரத்தில் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்று அந்த அம்மாக்களிடம் கேளுங்கள். அதற்குப் பிறகு ஆலைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.